நடுங்காத கை

காவலரோடு வருகிற சிறைக்கைதி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ‘குட்டன் மோர்கன்’ என்று காலை வணக்கம் சொல்லிச் சிரிக்கிறார். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே இல்லை. கெட்டவனை முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று எங்கள் ஊர் தியாகதுருகத்தில் நம்பி வளர்ந்தவள் நான். இங்கே மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. மனசாட்சி உறுத்தாதவர்கள் என்று டாக்டர்கள் கருதுகிற கைதிகள் சிலர், தாங்களே சம்மதித்து ஓர் ஆய்வுக்கு வருகிறார்கள். இயந்திரத்துக்குள் படுத்தபடி, திரையில் வரும், மனிதர்கள் செய்கிற நல்லது கெட்டது பற்றிய வாக்கியங்களைப் படித்து, சரியா தப்பா என்று பொத்தானை அழுத்த வேண்டும். பெரும்பாலும் நாம் சொல்கிற பதிலையேதான் சொல்கிறார்கள். அதுதான் என்னைக் கலக்கியது.

ஆய்வு நடத்தும் டாக்டரம்மா விளக்கினார். தப்பு எது என்று இவர்களுக்குத் தெரியும். நமக்கோ தெரிவதோடு நிற்காது, உள்ளே பதறும். மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதியும் நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியும் சேர்ந்து வேலை செய்வதால் வரும் பதற்றம் அது. இவர்களில் பலருக்கு அந்தச் சேர்க்கை மங்கலாக இருக்கிறதாம். “கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தாலும் கை நடுங்காதா?” என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்து, “உங்களுக்கு நடுங்குகிறதா? நரம்பு டாக்டரிடம் காட்டலாமே” என்றார்.

நான் கேட்டது என் தம்பி முரளியை நினைத்து. சில வருடங்களுக்கு முன் ஊரில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரரின் கறவை மாடு தவிட்டுத் தண்ணீர் குடித்து, நுரை தள்ளிச் செத்தது. வரப்புத் தகராறு இருந்ததால் எல்லோரும் முரளியைச் சந்தேகித்தார்கள். எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யனுக்குக் கை நடுங்கும். முரளி நிதானமாக அணைத்துவிட்டு விபூதி பூசிக்கொண்டான். ஊர் நம்பியது. போன வருடம் போனில் அவனே சொன்னான்: “நான்தான்க்கா பூச்சி மருந்து கலந்தேன். இன்னா இப்ப, மாடுதான.” அம்மாவிடம் சொன்னேன். “கற்பூரத்த அணைச்சவன் பொய் சொல்லுவானாடி?” என்று என்னைத்தான் ஏசினாள். நடுங்குகிறவனைப் பிடிக்கிற தீ, நடுங்காதவனை என்ன செய்யும்?

இந்த வருடம் அவனுக்குக் கல்யாணம் பேசினார்கள். ரிஷிவந்தியத்துப் பெண், வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருங்கால நாத்தனாரிடம் விசாரிக்கலாம் என்று அவளே போன் செய்தாள். “உங்க தம்பி ரொம்ப அமைதின்னு சொல்றாங்கக்கா. எங்கப்பா ஜாஸ்தி கோவக்காரரு. அதான் எனக்கு இவர புடிச்சிக்கீது.” தனி ஒருவரை இன்னார் என்று முத்திரை குத்த இந்த ஆய்வு உதவாது என்று டாக்டரம்மா அடிக்கடி சொல்வார். முரளியை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. அவனுக்குப் பெயர் வைக்க நான் யார்? ஆனால் நான் வாயை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவளல்லவா? “அவனுக்கு இன்னான்னு எனக்கு சொல்லத் தெரியலம்மா. மாட்டு விசயம் மட்டும் சொல்றேன், கேட்டுக்க” என்றேன். முழுதும் கேட்டாள். பிறகு, “செரிங்கக்கா” என்று வைத்துவிட்டாள்.

சம்பந்தம் நின்றுபோனது. “கூடப் பொறந்தவனுக்கே கெடுதல் பண்ணிட்ட. இனிமே வூட்டுப் பக்கம் வராத” என்று அம்மா அழுதாள். வலித்தது. ஆனால் அம்மாவின் கோபம் ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று முரளி கூப்பிட்டான். “நல்லாக்கீறியாக்கா? பொங்கலுக்கு வர இல்ல? பஸ் மாறி அலையாத. ஏர்போர்ட்டுக்கு நானே கார் எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போறேன்.” திட்டவில்லை. ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. மாட்டைப் பற்றிச் சொன்னபோது இருந்த அதே நிதானம் அந்தக் குரலில்.

ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எந்த விமானம் என்று மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.