நெட்சாயின் பங்கு

சீவி வட்டாரத்தில் எல்லாரும் அவரை மாயி நெட்சாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்சாயின் அம்மா என்று பொருள். அவருடைய சொந்தப் பெயரை நானே, நான் வேலை செய்யும் கல்வி உதவி அலுவலகத்தின் கோப்பில்தான் முதலில் பார்த்தேன். கணவர் சுரங்கத்தில் இறந்தபின் வேர்க்கடலை விதைத்து, சாலைக்குக் கல் உடைத்து, இரண்டு பெண்களை வளர்த்தவர். அவரும் என் அம்மாவும் சிங்கக் குலம். அதனால் எனக்குச் சின்னம்மா.

கனடாவிலிருந்து மர்கிட் வந்தபோது மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள். ஒன்பது வருடமாக நெட்சாயைப் படிக்கவைப்பவர் அவர். வண்டி குலுங்கிய வழியெல்லாம் நெட்சாயின் கடிதக் கட்டை மடியில் பிடித்திருந்தார்.

"வாடி ஷிங்காய்! காலேஜ் போன காலு மடங்காதோ?" என்றார் சின்னம்மா. நான் ஊர் வழக்கப்படி மண்டியிட்டுக் கைதட்டி வணங்கினேன். அவருக்குப் பக்கத்தில் தொளதொளவென்ற சீருடையில் ஒரு பெண் நின்றாள்.

"இவதான் நெட்சாய்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அது வோங்காய். சின்னவள், பன்னிரண்டு வயது. நெட்சாய்க்குப் பதினாறு.

மர்கிட் தன்னிடமிருந்த பழைய படத்தைப் பார்த்தார். "மூணு வருஷத்துல குட்டையாயிட்டாளே?"

மொழிபெயர்த்தேன். "மழை இல்லாட்டி சோளமே குட்டையாத்தான் வருது, பொண்ணு என்ன செய்வா?" என்றார் சின்னம்மா. அதையும் மொழிபெயர்த்தேன். மர்கிட் சிரித்தார். என்னால் முடியவில்லை. இப்படி ஒருவர் அனுப்பிய பணத்தில்தான் நானும் படித்தேன். அவருக்கு நான் எழுதிய கடிதங்களில் இருந்ததெல்லாம் உண்மையா?

சின்னம்மா கோழி அடித்திருந்தார். "இதப் பிடிக்க அரைநாள் ஓடினேன். போன பிறவில போலீசுக்குத் தப்பினவன் போல."

எங்கள் வீடுகளில் கோழியின் ஒவ்வொரு துண்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. தொடை மூத்த பிள்ளைக்கு, இறக்கை கடைசிப் பிள்ளைக்கு. சின்னம்மா பேசிக்கொண்டே பரிமாறினார். இறக்கை வோங்காயின் களிமேல் விழுந்தது. தொடை தனித் தட்டுக்குப் போனது. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். கை தன் வழக்கப்படி செய்துவிட்டது.

"அது யாருக்கு?" என்றார் மர்கிட்.

"கேக்குறாங்க சின்னம்மா. என்ன சொல்லட்டும்?"

அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பொய் வரவில்லை. "நெட்சாய்க்கு."

அப்படியே சொன்னேன். மர்கிட் சிரித்துக்கொண்டே மூடியை எடுத்துத் தட்டை வோங்காயின் பக்கம் தள்ளினார். "அப்போ சாப்பிடும்மா."

வோங்காய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பள்ளியில் படித்த ஆங்கிலத்தில், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "இது அக்காவோடது. நான் வோங்காய்."

சின்னம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தலை குனிந்தது.

பிறகு எல்லாவற்றையும் அவர் சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். நெட்சாய் வேலை தேடி எல்லையிலுள்ள லிம்போபோ ஆற்றைக் கடந்து அடுத்த நாட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒரு தகவலும் இல்லை. அதன்பின் வந்த கடிதங்களை அக்கா பெயரில் எழுதியது வோங்காய்.

"இவளையே படிக்கவைக்கிறேன்," என்றார் மர்கிட்.

அதற்கு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பழைய பிள்ளையின் பெயருக்கு நேரே 'வெளியேறினார்' என்று எழுதித் தாய் கைநாட்டு வைக்கவேண்டும். தாளை நீட்டினேன்.

"அவ போய்ட்டான்னு நானே விரல் வைக்கணுமா? ஆத்துல போனவங்களுக்குப் பொணம் கிடைக்காமலே ஊர் அழுது முடிச்சிருக்கு. நான் இன்னும் அழலடி."

"வைம்மா," என்றாள் வோங்காய். "திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது."

"நீ சும்மா இரு." அவர் என்னைப் பார்த்தார். "படிச்சவ நீ, சொல்லு. அவ வந்தா இத அழிச்சிடலாமா?"

பதினைந்து வயது தாண்டியவரை அலுவலகம் மறுபடி சேர்ப்பதில்லை. ஒருமுறை மூடிய பெயரைத் திறந்ததும் இல்லை.

"அழிச்சிடலாம் சின்னம்மா."

அவர் விரலை என்னிடம் கொடுத்தார். மண்வெட்டி பிடித்துப் பிளந்த விரலில் மை சரியாக ஒட்டவில்லை. இரண்டாம் முறையும் நான்தான் பிடித்து அழுத்தினேன்.