மேல ராஜ வீதியில் ஏழு மாதம்

மல்லிப்பட்டினத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பஞ்சநாதனுக்கு ஒரே மகள், பூமிகா. அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். இட்லி சுடுவதிலிருந்து ஜடை பின்னுவது வரை அதன்பிறகுதான் அவர் கற்றுக்கொண்டார். தஞ்சாவூரில் மருத்துவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, விடுதியில் விட மனம் வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு அவரும் கிளம்பினார்.

தரகர் ஹாஜா மைதீன், மேல ராஜ வீதியில் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு ஃபிளாட்டைக் காட்டினார். வீட்டுக்காரர்கள் ஆஸ்திரேலியாவில்.

"கட்டில், ஃபிரிட்ஜ், சோபா, கரண்டி மொதக்கொண்டு எல்லாம் இருக்குண்ணே. துணிமணிய மட்டும் எடுத்துட்டு வாங்க."

பதினோரு மாத ஒப்பந்தம். அக்டோபரில் குடிவந்தார்கள். கூடத்துச் சுவரில் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அவர்கள் பொருள், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் மூன்று மாதம் நன்றாகவே போனது. விடிந்ததும் கீழவாசலுக்குப் போய் மீன் வாங்கி வருவார். மாலையில் பூமிகா எலும்புகளின் பெயர்களைச் சத்தமாகப் படிப்பாள். ஒன்றும் புரியாமல், எழுந்து போகவும் மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜனவரியில் ஒருநாள் அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா, எல்லாரும் ஹாஸ்டல்ல சேர்ந்து படிக்கிறாங்க. நானும் போகட்டுமா? ஞாயித்துக்கிழமை வந்துருவேன்."

"போம்மா. இதுக்கு ஏன் இவ்வளவு தயங்குறே?"

பெட்டியை அவரே ஆட்டோவில் ஏற்றினார். ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளுக்காக இருந்துவிட்டார். மூன்று ஞாயிறு வந்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு ஃபோன் மட்டும் வந்தது.

கீழே வீதி ஓயாது. குடங்களை அடுக்கும் சத்தம், பூக்காரிகளின் கூவல், ஆட்டோ ஹாரன். பிப்ரவரியில் எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்த ஷோபனா டீச்சர் படிக்கட்டில் பார்த்தால் சிரிப்பார், அதோடு சரி. மற்றவர் சோபாவில் உட்காரப் பிடிக்காமல் பஞ்சநாதன் தரையிலேயே உட்காருவார். சில நாள் அவர் வாயிலிருந்து வந்த மொத்தப் பேச்சும் டீக்கடையில் சொன்ன "சக்கரை கம்மி"தான்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் எஞ்சின் வேலை குவியும். ஊரிலிருந்து படகுக்காரர் மணிவண்ணன் ஃபோனில் கூப்பிட்டார்.

"எஞ்சினக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருக்கேன். வாங்கண்ணே."

"தேர் முடியட்டும்ப்பா. பாப்பா ஃப்ரெண்டுங்கள அழைச்சிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கு."

பெரிய கோயில் தேர் அவர் பால்கனிக்குக் கீழேதான் போகும். தேரன்று எட்டுப் பேருக்குப் புளியோதரையும் சுண்டலும் செய்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தார். வடம் பிடிக்கும் நேரத்தில் ஃபோன் வந்தது.

"அப்பா, நாளைக்கு டெஸ்ட்டுன்னு திடீர்னு சொல்லிட்டாங்க. யாரும் வர முடியல. சாரிப்பா."

"பரவால்லம்மா. படி."

வீதி முழுக்க ஜனம். காலி நாற்காலிகளுக்கு நடுவே சற்று நேரம் நின்றவர், போய் எதிர்க் கதவைத் தட்டினார்.

"எங்க பால்கனியிலேர்ந்து தேர் நல்லாத் தெரியும். சாப்பாடும் இருக்கு. வாங்களேன்."

ஷோபனா கணவரோடும் மாமியாரோடும் வந்தார். தேர் அசைந்து கடந்தது. சாப்பிடும்போது ஷோபனா சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் காட்டி, "உங்க பொண்ணா? லட்சணமா இருக்காங்க" என்றார்.

"இல்லீங்க. யாருன்னு எனக்கே தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு மணிவண்ணனைக் கூப்பிட்டு, வருவதாகச் சொன்னார்.

"ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கேண்ணே" என்றார் ஹாஜா மைதீன். பஞ்சநாதன் சாவியை அவர் கையில் வைத்தார்.

வகுப்பை விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள் பூமிகா. "எம்மேல கோவமாப்பா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. பேச்சுத்துணைக்கு ஆளில்லாம இருந்துச்சு, அவ்வளவுதான்."

அப்படி ஒரு வார்த்தையை அவர் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவள் அவருடைய பையை வாங்கி, ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு, பட்டுக்கோட்டை பஸ் நகரும்வரை கீழே நின்றாள்.

ஜூனில் படகுகள் கடலுக்குக் கிளம்பிய வாரம் நாலு நாள் விடுமுறையில் வந்தாள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் பட்டறையில் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.