சின்னத்தாய் மதினி சிபாரிசு செய்த கனடா நாவல்கள்

கனடா நாவல்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்குச் சின்னத்தாய் மதினியின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். அவருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் அந்த நாவல்களை அவரைப்போலச் சிபாரிசு செய்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

2006-ல் விருதுநகரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அந்தக் கையோடு கிடைத்த வேலை, சிவகாசியில் சங்கரபாண்டியன் முதலாளியின் வேஸ்ட் பேப்பர் குடோனில் கணக்கு எழுதுவது. மதினி அங்கே தாள் பிரிப்பவர். ஆமத்தூரில் எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இருவரும் ஒரே வேனில் போய்வருவோம்.

தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வரும் வெளிநாட்டுத் தாள் கட்டுகளில் சில சமயம் விற்காத நாவல்களும் கிடக்கும். அட்டையும் முதல் தாள்களும் கிழிந்திருப்பதால் நாவலின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. எதைக் கையில் எடுத்தாலும் எந்தப் பிரஸ் என்று தேடுவது சிவகாசிப் பழக்கம். அப்படித்தான் கடைசிப் பக்கத்தின் அடியில், கனடாவில் அச்சிட்டது என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்தேன். அதே மாதிரி வந்ததையெல்லாம் மதினி ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது நான் படித்ததைச் சொல்வேன். முதல் நாள் கல்லூரிப் பழக்கத்தில், "இது தனிமையைப் பற்றிய நாவல்" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். யாரு, எந்த ஊரு, என்ன சண்டை? அதைச் சொல்லுங்க கொழுந்தனாரே."

சண்டை இருந்தது. ஒரு வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட அக்கா, தங்கை. பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் பனியை அள்ள இருவருக்கும் ஒரே மண்வெட்டி. வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு வேடிக்கையான கதை என்று எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் வேனில் கூட வருபவர்களுக்கு மதினி அதைச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்துவார். "மிச்சம் வேணும்னா நாளைக்கு சன்னல் சீட்டை எனக்கு விடணும்."

சீசன் வந்தது. பட்டாசுக் குழாய் உருட்டத் தாளுக்கு ஆர்டர் குவிந்ததும் முதலாளியின் கண் அந்த மூலையில் விழுந்தது.

"என்னத்தா இது குப்பை? சனிக்கிழமை கட்டிங்குக்குப் போயிரணும்."

"கதைப் பொஸ்தகம் முதலாளி. இன்னும் பாதிகூடக் கேக்கலையே."

"நீ கதை கேக்கவா லோடு எறக்குறேன்? இந்தக் கணக்குத் தம்பியைத் தவிர நெசமா படிக்க ஆள் இருந்தாச் சொல்லு, வச்சுக்கிருவோம்."

அன்று வேனில் கதை இல்லை. "நீங்க படிச்சிருக்கீக, எங்கன போனாலும் பொஸ்தகம் கெடைக்கும். எனக்கு இதை விட்டா ஏது?" என்றார் மதினி.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு முதலாளியின் இளைய மருமகள் அனுப்பிரியா வந்தார். மதுரையில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். மதினி நேரே போய் நாவலை அவர் கையில் வைத்துவிட்டார்.

"சின்னம்மா, ஒரே வீட்ல ரெண்டு பேரு மொகத்துக்கு மொகம் பாக்கமாட்டாக. வாசலை அடைச்சுப் பனி கொட்டுது. மண்வெட்டி ஒண்ணுதான். யாரு போயி யாரு கதவைத் தட்டுனாகன்னு நெனைக்கீக?"

"யாரு?"

"அது எப்பிடிச் சொல்ல? படிச்சாத்தான தெரியும்."

அனுப்பிரியா மதினியை உற்றுப் பார்த்தார். "எங்க வீட்டுக் கதையா?"

அவருக்கும் மூத்த மருமகளுக்கும் பேச்சில்லை என்பது குடோனுக்கே தெரியும்.

"இல்ல சின்னம்மா, இது கனடா" என்றார் மதினி, கண் இமைக்காமல்.

அனுப்பிரியா சிரித்துவிட்டார். நாவல் அவரோடு காரில் போனது.

சனிக்கிழமை காலை, கட்டிங் மெஷின் ஓட்டும் ஊர்க்காவலன் அண்ணன் மற்ற நாவல்களைத் தூக்கி மெஷின்மேல் அடுக்கினார். மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாளைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அப்போது வாசலில் கார் நின்றது. அனுப்பிரியா வேகமாக உள்ளே வந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க! மாமாகிட்டச் சொல்லிட்டேன். இதெல்லாம் நான் படிக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்து எதைப் படிக்கலாம்?"

பட்டம் வாங்கியும் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் மதினி. இன்றைக்கும் அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

"சொல்லுங்க கொழுந்தனாரே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று எழுந்து வந்தார் மதினி. "நீங்க பாதியில விட்டீகளே, பனியில மாட்டுன ரயில்காரன் கதை, அதைக் குடுங்க. சின்னம்மா படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்."