ஒற்றைத் தோடு

எங்கள் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் ஒரு பெண். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் துணி வெட்டும்போது பக்கத்தில் யாரும் மூச்சு விடக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அவளே வேறு ஆள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் எழுதிய நாவலை கடைப் பெண்கள் எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். காஜா போடுகிற நான் சிரித்துச் சிரித்துச் சோறு புரையேறி இருமியிருக்கிறேன்.

எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது முதலிரவுக் கட்டம். புருஷன் தன் ஆண்மையைப் பற்றி நீளமாகப் பேசுகிறான். சட்டையை மடித்து வைக்கிறான், பிரித்து மறுபடி மடிக்கிறான், விளக்கை அணைக்கிறான். பெண்டாட்டி ஒரு தோட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததில் கை வைப்பதற்குள் காரியம் முடிந்து குறட்டை கேட்கிறது. மீதித் தோட்டையும் கழற்றுவதா, கழற்றியதை மாட்டிக்கொள்வதா என்று அவள் விடிய விடிய யோசிக்கிறாள். மாஸ்டர் இதை முகம் மாறாமல் படிப்பாள்.

முதலாளி அவளுடைய அக்கா புருஷன். பெரிய யோக்கியர். அச்சகக்காரர் ஒருவர் மாஸ்டரைக் கட்டிக்கொள்ள விரும்பி, தன் அம்மாவோடு பேசி முடிக்க வந்தார். அவளுக்கும் அவர்மேல் கொள்ளை ஆசை. அவள் போய்விட்டால் பாதிச் சம்பளத்துக்கு யார் வெட்டுவது? முதலாளி அந்த முதலிரவுப் பக்கங்களைக் கிழித்து அந்த அம்மாவின் மடியில் போட்டார்.

"இதத்தான் எல்லாரையும் உட்கார வச்சு படிக்குது. அப்புறம் எங்களக் குத்தம் சொல்லக் கூடாது பாருங்க."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பாவி மனுஷன், நன்றாக இருப்பானா?

"அழுதுடுங்க மாஸ்டர்," என்றேன்.

"அழறதா? அந்த ஆளப் பாத்து ஊரே சிரிக்கணும். அதுக்கப்புறம்தான் அழுவேன்."

காத்திருந்தாள். முதலாளி தையற்காரர் சங்கத்துக்குத் தலைவரானார். பாராட்டுக் கூட்டத்தில் கொஞ்சம் இலக்கியமும் இருந்தால் கௌரவம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"பழைய இலக்கியமா எதாவது படி. குடும்பத்தோட கேக்குற மாதிரி இருக்கணும்."

"சரி அத்தான்," என்றாள்.

மேடையில் அதே நாவலை விரித்தாள். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிழித்தவர் அவர்தானே, இனி அதில் என்ன இருக்கிறது என்ற தைரியம். கிழிந்த இடம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. எத்தனை மத்தியானம் படித்தவள், அவளுக்குப் பக்கம் எதற்கு?

மண்டபத்தில் ஆண்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் அவளுடைய அக்கா இருந்தாள். தோடு என்றதும் அவள் கை தானாகக் காதுக்குப் போனது. அப்புறம் சிரித்தாள். கல்யாணமான நாள் முதல் அடக்கி வைத்த சிரிப்பு, வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கூட்டம் அவளைப் பார்த்தது, அவள் புருஷனைப் பார்த்தது, பிறகு மொத்தமாகச் சிரித்தது. என் வயிறு குளிர்ந்தது.

மறுநாள் மாஸ்டரை வேலையை விட்டு விரட்ட முதலாளி வந்தார். நாங்கள் எல்லோரும் ஒரு காதில் மட்டும் தோடு போட்டுக்கொண்டு மிஷினில் குனிந்திருந்தோம். கல்லாவில் அவருடைய மனைவி. அவள் காதிலும் ஒன்றுதான்.

"எதாவது சொல்லணுமா அத்தான்?" என்றாள் மாஸ்டர், கத்திரிக்கோலைக் கீழே வைக்காமல்.

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அச்சகக்காரருக்கு முந்தின மாதமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது.