ஓட்டை இல்லாத பூச்சட்டி

ஏற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா, முதல் பொங்கலுக்கு விருத்தாசலம் வந்தபோது, டிரங்குப் பெட்டியோடு பெரிய வெங்காயம் போல ஒரு கிழங்கையும் கொண்டுவந்தாள். லில்லிக் கிழங்காம். நாதஸ்வரத்தின் வாய் அகலத்துக்குச் சிவப்பாகப் பூக்குமாம். வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் வைத்தால் போதும், வேரில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினால் அழுகிவிடும் என்றாள். நான் தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் அளந்துவிட்டு வந்தேன்.

மாசி மகம் முடிந்தும் அக்கா கிளம்பவில்லை. ஏற்காட்டிலிருந்து மாமா போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே அம்மாவிடம் கொடுத்தாள்.

"எப்பதான் கெளம்புவ? தெருவுல கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?" என்று அம்மா ஒருநாள் பிடித்துக்கொண்டாள்.

அக்கா, இன்னும் நடாமல் ஜன்னலில் கிடந்த கிழங்கைப் பார்த்தாள். "அந்தக் கெழங்கு பூத்ததும் போயிடறேம்மா."

அம்மா அதையே கெடுவாக வைத்துக்கொண்டாள். பத்து நாள் கழித்து அப்பா, தான் வேலை பார்த்த பீங்கான் பட்டறையிலிருந்து பளபளவென்று ஒரு வெள்ளைப் பூச்சட்டி கொண்டுவந்து, அவரே மண் நிரப்பிக் கிழங்கை நட்டார். அக்கா தினமும் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

இரண்டு வாரமாகியும் ஒரு துளிர் இல்லை. தெருவில் என் மானம் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியெல்லாம் சேறு. சட்டிக்கு ஓட்டையே இல்லை! அம்மா கழித்துப் போட்டிருந்த ஓட்டை மண்சட்டியில் அதை நட்டு, அப்பாவின் சட்டிக்குள் இறக்கி வைத்தேன். தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் தேங்கிய தண்ணீரைக் கொட்டினேன். பெரிய டாக்டரம்மா என்ற நினைப்பு எனக்கு.

சித்திரைக் கடைசியில் கிளிமூக்கு மாதிரி மொட்டு வந்தது. மூன்றாம் நாள் பூத்தேவிட்டது. நான்தான் கத்தி ஊரைக் கூட்டினேன். அம்மா அன்றைக்கே மாமாவுக்குக் கடிதம் போட்டாள். அக்கா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவளைச் சேலம் ரயிலில் ஏற்றிவிட்டு வந்த அப்பா, நேராக ஜன்னலுக்குப் போய் மண்சட்டியை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"நீங்க ஓட்ட போட மறந்துட்டீங்கப்பா. நான்தான் காப்பாத்துனேன்" என்றேன்.

என் தலையில் கை வைத்தார். "ஆமாம்மா, மறந்துட்டேன். நீ கெட்டிக்காரி."

அந்த ஆடியிலேயே அக்கா பெட்டியோடு திரும்பி வந்தாள். எப்போது போவாய் என்று கேட்க அப்பா யாரையும் விடவில்லை, அம்மாவைக்கூட.

ஈரம் காயாத பூச்சட்டிகளைக் கவிழ்த்து, அடியில் துளை போடுவதுதான் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், அவர் மறந்துவிட்டார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.