ஒரு துண்டு ஒயர்

துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு அதிகாரியாக இருக்கிறேன். புதிதாக வந்த எலக்ட்ரிகல் இன்ஜினியர் ஸ்டெல்லா, மின் இணைப்புகள் உள்ள பேனல் ரூமை எப்போதும் பூட்டியே வைத்திருந்தது என்னை உறுத்தியது.

ஒருநாள் அது திறந்திருந்தது. உள்ளே போனேன். பேனலில் ஒரு மீட்டரைக் காணோம். பின்னால், மீட்டர் அளப்பதற்காகக் கரண்டைக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மரின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயர் இணைத்திருந்தது. மின்திருட்டு இப்படித்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதலாளியிடம் காட்டுவதற்காக அதைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள். ஸ்டெல்லா.

“மீட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். மெஷின் ஓடறப்ப அந்த ஒயரை எடுத்தா ஆயிரக்கணக்குல வோல்ட் ஏறிடும். ஆளே போயிருப்பீங்க!”

“திருட்டுன்னு நினைச்சேம்மா.”

“திருடியைப் பிடிக்க உசுரையா குடுப்பீங்க?” என்று சிரித்தார்.

அந்தப் பூட்டு என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் என்பது, ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் இழுத்ததில் சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது. அதை இன்னும் தைக்கவில்லை.