மன்றத்தில் எதையும் அழிப்பதில்லை

கண்ணாடியக்காவைக் கிளை நூலகத்துக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேசை மேசையாகத் தேடுகிறவள். புத்தகம் கொடுத்து வாங்குவது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை. சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை இன்னொன்றும் உண்டு. நூலகங்கள் இலவசமாகப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் மென்பொருளைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். அந்த மன்றத்துக்குப் பொறுப்பாளர் அவள்தான். அங்கே அவள் கொண்டுவந்த சட்டம் ஒன்றே ஒன்று: எழுதியதை அழிக்கக் கூடாது. திட்டினாலும் சரி, உளறினாலும் சரி, பதில் எழுதலாம், அழிக்கக் கூடாது.

இதே வேலைக்கு மென்பொருள் விற்கிற கம்பெனி ஒன்றுக்கு இந்த மன்றம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. நேருக்கு நேர் மோதியிருந்தால் மதிக்கலாம். அதற்குத் தெம்பில்லை, கூலிக்கு மாரடிக்கிற கூட்டத்தைப் பிடித்தது. நேற்றுப் பிறந்த பெயர்களெல்லாம் மன்றத்துக்குள் நுழைந்தன. 'வாசகர்களின் விவரங்களைக் கண்ணாடியக்கா வெளியே விற்கிறார்' என்று ஒரு பெயர் எழுதும். 'எங்கள் நூலகத்திலும் அப்படித்தான்' என்று மற்றவை ஒத்து ஊதும். முதலில் அவள் சிரித்தாள். வருடக்கணக்காகக் கூடவே உழைத்தவர்கள் 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று கேட்க ஆரம்பித்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பொறுப்பிலிருந்து நீக்கலாமா என்று வாக்கெடுப்பே வைத்துவிட்டார்கள். ஞாயிறு மாலையோடு அது முடிகிறது.

அந்த ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டில் இருந்தபோது புதிதாக ஒரு புகார் வந்தது. மற்ற பொய்ப் பெயர்கள் புலம்பலோடு நிறுத்திக்கொள்ளும். இது லட்சணமாக இருந்தது. என்ன செய்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி, கணினி தானாக எழுதிவைக்கும் லாக் கோப்பையும் இணைத்திருந்தது. குறை சொன்னால் லாக்கை இணைக்க வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். பொய்க்கும் லாக் இணைக்கிற அளவுக்கு வழக்கம் ஊறிப்போன ஆள் யாரப்பா என்று கோப்பைத் திறந்தாள். விவரம் எதுவும் கசிந்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் அந்தக் கணினியோடு இணைந்திருந்த பிரிண்டரின் பெயர் இருந்தது: 'மாடிக் கும்பகர்ணன்'.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை தட்டினாலும் எழுந்திருக்காத அந்தப் பிரிண்டர் இருப்பது அவள் வீட்டு மாடியில். அதற்குப் பெயர் வைத்தவன் அங்கே மனைவியோடு குடியிருக்கும் அவள் தம்பி. வெகுகாலம் வேலையில்லாமல், அக்காவுக்காக மன்றத்தில் மென்பொருள் குறைகளை எழுதிக்கொண்டு இருந்துவிட்டு, 'கம்பெனிகளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ்' ஒன்றில் இப்போதுதான் சேர்ந்திருந்தான். வீட்டிலிருந்தே வேலை என்றதும் அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். என்ன வேலை என்று துருவிக் கேட்கவில்லை.

மடிக்கணினியோடு மாடியேறிப் போய்த் திரையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது நீதானேடா?"

அவன் மறுக்கவில்லை. "லாக்க வேற சேத்து அனுப்பிட்டனா? பழக்கதோஷம்."

"அக்காவத் திருடின்னு எழுதிட்டு, லாக்கப் பத்திப் பேசுற."

"பேரு அவங்க குடுக்கிறது. என்ன எழுதணும்ங்கறதும் அவங்க சொல்றதுதான். உன் பேரப் பாத்ததும் முடியாதுன்னேன். அப்ப வேற ஆளப் பாத்துக்கிறோம்னாங்க." உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அவளுக்கு மாசம் நெருங்குது. இப்பப் போயி வேலைய விட முடியுமா? யாரும் பாக்கறதுக்குள்ள அத அழிச்சிடு அக்கா. உன்னால முடியும்ல."

முடியும். அழிக்கும் பொத்தான் பொறுப்பாளரின் திரையில் மட்டும்தான் தெரியும். அழித்தால், 'பார், உண்மையை அழிக்கிறாள்' என்பார்கள். வாயை மூடிக்கொண்டால் இத்தனை வருட உழைப்பும் மானமும் மாலைக்குள் போய்விடும். உண்மையைச் சொன்னால் தம்பிக்கு வேலை போய்விடும். கீழே இறங்கினாள்.

'மேலே உள்ள புகாரை எழுதியவன் என் தம்பி. லாக்கில் இருக்கும் பிரிண்டர் எங்கள் வீட்டுடையது. இப்படி எழுத அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்' என்று எழுதினாள். அனுப்பினாள். கூடப்பிறந்தவன் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அழுகை முட்டியது.

மேலே நாற்காலி இழுபட்டது. விசைகள் தட்டப்படுகிற சத்தம் கேட்டது. தம்பி ஒப்புக்கொண்டு எழுதுகிறான் என்று நினைத்தாள். பெற்றவளைப் போல நெஞ்சு இளகியது. பிழைக்க ஆயிரம் வழி, பிள்ளை பிறப்பதற்குள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள். சத்தம் நின்றது. திரையில், இதுவரை பார்த்திராத ஒரு பெயரில், பதில் வந்து விழுந்தது.

'அக்காவும் தம்பியும் சேர்ந்து போடும் நாடகம். கம்பெனிமேல் பழிபோட இவர்களே எழுதிக்கொண்ட புகார்.'

அடுத்தடுத்து ஒத்து ஊதல்கள் வந்தன. அவளை நீக்கச் சொல்லும் வாக்குகள் ஏறிக்கொண்டே போயின. சுட்டி அழிக்கும் பொத்தானுக்குத் தானாகவே போய் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒன்றை அழிக்க வேண்டும்போல இருந்தது.

தம்பி பாதிப் படிவரை இறங்கி வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"உடனே போடச் சொன்னாங்கக்கா."

"தெரியும்."

"அதையாவது அழிச்சிடு. என்னாலயே பாக்க முடியல."

அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"இருக்கட்டும்டா. நாளைக்கு உன் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும்ல."

அவன் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.